தட்டுமணையும் மதிப்பெண்ணும்

(தாம்பரத்தில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாட்டியத்தைக் கல்லூரியில் ஒரு பாடமாகப் பயில்வதைப் பற்றிப் பேசவேண்டும் என்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த அன்பர்கள் என்னிடம் வந்து கேட்டபோது, ஆடத் தெரியாதவனும், இளமையில் ஒருநாளேனும் சலங்கை கட்டி அறியாதவனும், நாற்பது ஆண்டுக் காலம் கரும்பலகைக்கு முன்னால் நின்று தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுத்ததைத் தவிர வேறு தொழில் அறியாதவனுமாகிய எனக்கு இவ்விஷயத்தில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று முதலில் தயங்கினேன். பிறகு ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணம் என் வீட்டு மாடி.

சேலையூரில் இருக்கும் என் வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று உண்டு. வாரத்தில் ஐந்து நாள் மாலை வேளைகளில் ஓர் அம்மையார் அங்கே நாட்டிய வகுப்பு நடத்துகிறார். மாடிப்படியின் அடியில் குவியலாகச் செருப்புகள். படிக்கு ஒருவராக உட்கார்ந்து, கீரை ஆய்ந்தும் கைப்பேசியைப் பார்த்தும் மகளுக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள். அவ்வப்போது விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானத்தின் இரைச்சல். இவை எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு, என் புத்தக அலமாரிக்கு நேர் மேலே, ஆசிரியை தாளம் தட்டும் தட்டுமணைமீது தட்டுக்கழி விழும் ஓசை. அதைக் கேட்டுக் கேட்டு, அடவு என்னும் அடிப்படை ஆடலசைவு முதற்காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்கும் அங்கிருந்து மூன்றாம் காலத்துக்கும் ஏறும்போது எந்த இடத்தில் பிள்ளைகளின் பாதங்கள் ஒன்றாக விழாமல் சிதறுகின்றன என்பதைக் கீழே நாற்காலியில் இருந்தபடியே சொல்லிவிடும் ஒருவகை ஞானம் எனக்குச் சித்தித்துவிட்டது. ஒருநாள் வகுப்பு முடிந்தபின் அந்தத் தட்டுமணையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பழைய மரம். ஓரங்களில் மெருகு போகவில்லை. நடுவிலோ, கழி விழுந்து விழுந்து, ஒரு பெருவிரல் நுனி பொருந்தி உட்காரும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. அந்த அம்மையாருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் ஏதுமில்லை. குழியின் ஆழத்தைப் பார்த்தபோது அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவுமில்லை.

அந்த வகுப்பிலே பத்து ஆண்டுகளாகப் பயின்றுவந்த ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். நல்ல மதிப்பெண்களும் பெற்றாள். அவளுடைய தந்தையார் பல்லாவரத்தில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையிலே கணக்கெழுதுகிறவர். ஒருநாள் மாலை அவர் என்னிடம் வந்து, படியில் உட்காராமல் நின்றுகொண்டே, “சார், பி.காம். சேர்த்துடலாம்னு இருந்தேன். இவ டான்ஸ்தான் படிப்பேங்கறா. அதுக்கு டிகிரி இருக்கா? இருந்தா, அதை வச்சு என்ன சார் பண்றது?” என்று கேட்டார். இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த மனிதருக்கு நான் சொன்ன, சொல்லாமல் விட்ட, சொல்லியிருக்க வேண்டிய விடைகளே.

முதற்கேள்விக்கு விடை எளிது. டிகிரி இருக்கிறது. அடையாற்றங்கரையில் பிராடி கோட்டை என்று வழங்கும் பழைய மாளிகையில் இயங்கிவரும் அரசு இசைக் கல்லூரி, 1949ஆம் ஆண்டிலே முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கப்பெற்றது. இசையோடு பரதநாட்டியமும் அங்கே பாடம். இசைக்கும் கவின்கலைகளுக்கும் என்றே தனியாக ஒரு பல்கலைக்கழகத்தை 2013இல் தமிழக அரசு நிறுவியபின், அக்கல்லூரி அதனைச் சார்ந்ததாயிற்று. திருச்சிராப்பள்ளியிலே கலைக் காவிரி என்னும் கல்லூரி உண்டு. கடல் கடந்தால், இலங்கையின் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகவே, இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று வழங்கிவந்த கலைக்கூடம் இருக்கிறது. பரதத்தில் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் அத்தீவின் பள்ளிகளிலே பணிபுரிகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டு வாசலிலே, மேடவாக்கம் வழியாகப் பேருந்தில் போய்விடக்கூடிய தொலைவிலே, திருவான்மியூரில் கலாக்ஷேத்திரம் இருக்கிறது. அங்கே கொடுப்பது பட்டமன்று, பட்டயம். நான்கு ஆண்டுப் படிப்பு. 1993ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. சிற்பிக்கு மாமல்லபுரத்திலே 1957 முதல் கல்லூரி இருக்கும்போது, கல்லிலே ஆடுகிற பெண்ணைச் செதுக்குகிறவனுக்குப் பட்டம் கொடுக்கும் உலகம் மண்ணிலே ஆடுகிற பெண்ணுக்கும் கொடுப்பதில் ஆச்சரியம் என்ன?

இரண்டாவது கேள்விதான் கடினமானது. அதற்குப் போகுமுன் நம் பழைய நூல் ஒன்றின் பக்கம் உங்களைச் சற்றே திருப்ப வேண்டும். தமிழாசிரியனைப் பேச அழைத்தவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் காதற்கதையின் முன்னுரையாகவே நாம் பள்ளிக்கூடத்தில் வாசித்துவிட்டுப் போய்விடுகிறோம். பாடத்திட்டம் வகுக்கும் குழுவினர் அதனை வேறு கண்ணோடு வாசிக்கலாம். மாதவி ஐந்தாம் வயதிலே பயிலத் தொடங்கிப் பன்னிரண்டாம் வயதிலே அரங்கேறுகிறாள், ஏழாண்டுப் படிப்பு. அவளுக்கு ஆசிரியர் ஒருவரல்லர். ஆடலாசிரியன் ஒருவன், இசையாசிரியன் ஒருவன், பாட்டு இயற்றும் புலவன் ஒருவன், தண்ணுமை முழக்குகிறவன் ஒருவன், குழலூதுகிறவன் ஒருவன், யாழ் மீட்டுகிறவன் ஒருவன் என்று அறுவர். அந்த அறுவரில் ஒவ்வொருவனும் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்பதை, ஆசிரியர் நியமன விளம்பரம் எழுதுகிற அதிகாரியைப் போல, இளங்கோவடிகள் தனித்தனியே விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அரங்கம் எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். தேர்வாளர் சோழ மன்னன். தேறியதற்கு அடையாளம் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும். ஒரு துறை, ஆறு ஆசிரியர், ஏழு ஆண்டு, ஒரு தேர்வு, ஒரு பட்டம்: கல்லூரிக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. இல்லாதது ஒன்று உண்டு. வாரத்துக்கு இத்தனை மணி என்ற கணக்கு அங்கே இல்லை.

அந்தப் பட்டம் நடுவிலே எங்கே போயிற்று என்பது துயரம் மிகுந்த கதை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு தளிச்சேரிப் பெண்டுகள் என்ற ஆடல் மகளிர் நானூறு பேரை ராஜராஜன் குடியமர்த்தியதைக் கல்வெட்டு சொல்கிறது. பின்னாளில் தஞ்சை அரசவையிலே சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற சகோதரர் நால்வர் அலாரிப்பிலிருந்து தில்லானா வரையிலான கச்சேரி முறையைச் செம்மை செய்தார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலோ, அந்தக் கலையைக் காப்பாற்றி வந்த குடும்பங்களைப் பார்த்து ஊர் முகம் சுளித்தது. தேவதாசி வழக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும், கலை வேறு வழக்கம் வேறு, கலையையாவது விட்டுவைக்க வேண்டும் என்று ஈ. கிருஷ்ண ஐயரும் வாதிட்ட காலம் அது. இருவர் வாதத்திலும் நியாயம் இருந்தது என்று சொன்னால் என்னைக் கோழை என்பீர்கள், ஆனாலும் அதுவே என் அபிப்பிராயம். சதிர் என்ற பெயர் பரதநாட்டியமாயிற்று. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடத்தும் பந்தநல்லூர் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையிடத்தும் பயின்ற ருக்மிணி தேவி அருண்டேல், 1935ஆம் ஆண்டின் இறுதியில் அடையாற்றுப் பிரம்மஞான சபையில் ஆடினார்; 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலாக்ஷேத்திரம் பிறந்தது.

ருக்மிணி தேவி அம்மையார் செய்தவற்றுள் எதைப் பெரிதென்று கொள்வது என்பதில் ரசிகர்களிடையே பேதம் உண்டு. சிலர் மேடையின் அழகைச் சொல்வார்கள். சிலர் குற்றாலக் குறவஞ்சி தொடங்கி, 1955 முதல் 1970 வரை ஆறு பாகமாக அமைத்த இராமாயண நாட்டிய நாடகங்கள் வரை எடுத்துக்காட்டுவார்கள். ஆசிரியத் தொழில் பார்த்தவன் என்ற முறையில், டைகர் வரதாச்சாரியாரையும் மைசூர் வாசுதேவாச்சாரியாரையும் பாபநாசம் சிவனையும் கதகளியில் வல்ல பணிக்கர்களையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். இளங்கோ சொன்ன அறுவரையும் அவர் தேடிப் பிடித்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றும். ஆடுகிற பெண்ணுக்குப் பாடவும், தாளம் போடவும், சாகித்தியத்தின் பொருள் அறியவும் தெரிய வேண்டும் என்ற பழைய கொள்கையை, பட்டயம் என்ற புதிய காகிதத்தோடு அவர் பிணைத்தார். அந்தக் காகிதம் இல்லாமற்போயிருந்தால், எத்தனையோ வீடுகளில் பெண்ணைச் சலங்கை கட்ட அனுமதித்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. காகிதம் வந்ததும், காகிதம் இல்லாதவர்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள். பாலசரசுவதி அம்மையாரை எண்ணிப் பாருங்கள். வீணை தனம்மாளின் பேத்தி. தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்ப பிள்ளையின் மாணவி. ஏழு வயதிலே காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். எந்தக் கல்லூரியின் வாயிலாகவும் கலைக்குள் வந்தவரல்லர். 1962இல் அமெரிக்க நாட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துத் தன் மாணவர்களுக்குக் கற்பிக்கச் செய்தது. இன்றைக்கு அத்தகைய ஒருவர் நம் நாட்டிலே நாட்டியத்துறை உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தால், முதலில் பட்டம் எங்கே என்பார்கள். பிறகு, நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேசியத் தகுதித் தேர்வில் தேறினீர்களா என்றும் கேட்கக்கூடும். அபிநயத்தில் ஒரு புருவம் எவ்வளவு உயர வேண்டும் என்பதற்கு அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடை எழுதிவைக்க வல்லவர் எவரேனும் இருந்தால் நான் போய் அவரைச் சேவித்துவிட்டு வருவேன்.

அயல்நாட்டுக் கதை ஒன்றும் சொல்கிறேன். நாட்டியத்தைப் பட்டப்படிப்பாக முதன்முதலில் ஏற்றுக்கொண்டது அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், ஆண்டு 1926. அதற்குக் காரணமாயிருந்த மார்கரெட் டூப்ளர் என்ற பெண்மணி மேடைக் கலைஞரல்லர். உயிரியல் படித்தவர், பெண்களுக்கு உடற்பயிற்சியும் கூடைப்பந்தும் கற்பித்தவர். எலும்புக்கூடு ஒன்றை வகுப்பிலே நிறுத்திவைத்து, மூட்டு எப்படித் திரும்புகிறது என்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்குவாராம். நம்மவர்கள் நடராஜர் சிலையிலிருந்து தொடங்கினார்கள், அவர் எலும்பிலிருந்து தொடங்கினார். கால் மடக்கி நிற்கும் அரைமண்டியிலே ஆண்டுக்கணக்காக இருந்து முழங்கால் நொந்துபோன எத்தனையோ பேரை அறிந்த எனக்கு, நம் கல்லூரிகளிலும் அந்த எலும்புக்கூடு ஒன்று இருந்தால் நல்லது என்றே படுகிறது. நம் நாட்டிலே பல்கலைக்கழகப் படிப்பாக நாட்டியத்தை முன்னதாக ஏற்ற இடம் பரோடா. அங்கும் நம் தஞ்சாவூரே போயிருந்தது: 1880இல் தஞ்சை அரசகுமாரி கெய்க்வாட் மன்னருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது, சீரோடு சீராக ஆடற்பெண்டிரும் நட்டுவனாரும் போனார்கள், அவ்வழியில் வந்த குபேரநாதர் பின்னாளில் அப்பல்கலைக்கழகத்திலே பரதம் கற்பித்தார்.

இப்போது மாதவிக்கு இல்லாதிருந்த அந்தக் கடிகாரத்துக்கு வருகிறேன். நம் கல்லூரிகளில் முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதியிலே முதன்மைப் பாடமும் அதற்குத் துணைப்பாடமும் என்ற அமைப்பு நெடுநாளாக உண்டு. இதையே மேஜர், மைனர் என்று இப்போது பேசுகிறார்கள். மைனர் என்ற சொல்லுக்கு நம் பக்கத்திலே வேறொரு பொருள் இருப்பது உங்களுக்குத் தெரியும்: சில்க் ஜிப்பாவும் கழுத்துச் சங்கிலியுமாகத் தகப்பன் சொத்தை அழித்த கனவான். பழைய சதிர்க் கச்சேரிகளின் முன்வரிசையில் உட்கார்ந்து அந்தக் கலைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதால், நாட்டியத்தை மைனராகப் படிக்கிறேன் என்று ஒரு மாணவி சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

சிரிப்பு இருக்கட்டும். வாரத்துக்கு நான்கு மணி நேரம் துணைப்பாடமாக நாட்டியம் வைக்கிறோம் என்று கொள்வோம். பதினைந்து வாரப் பருவத்தில் அறுபது மணி நேரம். நாளைக்கு நான்கு மணி நேரம் ஆடுகிற மாணவி அந்த அறுபது மணியை மூன்று வாரத்தில் தாண்டிவிடுவாள். தட்டடவிலே குதிகால் ஒலிக்க வேண்டிய விதத்தில் ஒலிப்பதற்கும், கை நீட்டும்போது தோள் தூக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கும், கண் கையைத் தொடர்ந்து போவது தன்னை அறியாமலே நிகழ்வதற்கும் ஆகும் காலத்தைப் பருவத் தேர்வின் அட்டவணைக்குள் சுருக்க எந்த ஆசிரியராலும் இயலாது. நான் கேள்விப்பட்ட ஒரு கல்லூரியிலே, பெயர் வேண்டாம், அறுபது மணி நேரத்தில் அலாரிப்பு முடித்துச் செயல்முறைத் தேர்வில் எல்லோருக்கும் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் வழங்கினார்கள். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். பாதங்கள் மட்டும் என் வீட்டு மாடியில் சிதறுவதைக் காட்டிலும் அதிகமாகச் சிதறின.

ஆகையால் நாட்டியத்தை முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கு முழு நாளையும் கொடுத்தாக வேண்டும். காலையில் உடல் குளிர்ந்திருக்கும்போது அடவு, வெயில் ஏறியபின் சாஸ்திரமும் சாகித்தியமும், பிற்பகலிலே பாட்டும் நட்டுவாங்கமும், மாலையில் மறுபடியும் அப்பியாசம் என்று போகும் நாள் அது. கலாக்ஷேத்திரத்தில் ஆலமரத்தடிப் பிரார்த்தனையோடு நாள் தொடங்குவதில் பக்தி இருக்கிறது. அதோடு, இனி இந்த நாள் வேறெதற்கும் இல்லை என்ற ஒப்பந்தமும் இருக்கிறது.

துணைப்பாடமாக எடுக்கிறவர்களுக்கோ, ஆடக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்ற பாசாங்கு வேண்டாம். பார்க்கக் கற்றுக்கொடுத்தால் அதுவே பெரிய காரியம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்து மேல்தளத்திலே பரத சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள் என்னும் ஆடல் அசைவுகளுள் 81 கரணங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சிய கற்கள் உளி படாமலே நின்றுவிட்டன. சரித்திரம் படிக்கும் ஒரு மாணவன் அங்கே போய் நின்றால், இது இன்ன கரணம், இந்தக் காலை இப்படித் தூக்கினால் அடுத்து இடுப்பு இப்படித்தான் திரும்பும் என்று தன் உடம்பாலேயே கொஞ்சம் ஊகிக்கத் தெரிந்தவனாக இருந்தால், அந்த வெற்றுக் கல்லில் வந்திருக்க வேண்டியது எது என்ற கேள்வியும் அவனுக்கு எழும். கல்லையும் உடலையும் சேர்த்து ஆராய்ந்துதான் பத்மா சுப்ரமணியம் முனைவர் பட்டம் பெற்றார். கணக்கியலோடு தாளத்தை வைத்துப் பாருங்கள். தமிழ் இலக்கியத்தோடு பதம் என்னும் அபிநயப் பாட்டை வைத்துப் பாருங்கள். நான் பணியிலிருந்த காலத்திலே என் வகுப்புக்கு ஒரு மாணவி அகத்திணைப் பாட்டொன்றை அபிநயித்துக் காட்டியபோது, தோழி கூற்றுக்கும் தலைவி கூற்றுக்கும் உள்ள வேறுபாட்டை நான் பத்தாண்டு சொல்லியும் விளங்காத பின்பெஞ்சுக்காரர்களுக்கு அது ஒரு தோள் திரும்பலிலே விளங்கிவிட்டது. எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது.

நாட்டியத்தையும் வேறொரு படிப்பையும் சேர்த்துச் சுமந்தவர்களும் உண்டு. பேராசிரியர் சி. வி. சந்திரசேகர் கலாக்ஷேத்திரத்திலே பயின்றார், காசி இந்துப் பல்கலைக்கழகத்திலே தாவரவியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார், பரோடாவிலே நாட்டியத் துறையை நடத்தினார், முதுமையிலும் மேடையேறினார். தாவரவியல் அவருடைய ஆட்டத்துக்கு என்ன கொடுத்தது என்று நான் அறியேன். ஆனால் இரண்டாவது கேள்வியைக் கேட்கும் தகப்பனார்களுக்கு நான் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான்.

அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொன்னால், பி.காம். தரும் நிச்சயத்தை நாட்டியம் தராது. பள்ளிகளிலே நாட்டிய ஆசிரியை வேலை உண்டு, சொந்தமாக வகுப்பு வைக்கலாம், இந்தப் புறநகரிலே தெருவுக்கொரு வகுப்பு நடக்கும் அளவுக்குப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஆராய்ச்சி உண்டு, அயல்நாடு உண்டு. மேடையை நம்பி அடுப்பு மூட்டுகிறவர்கள் மிகச் சிலரே. இதை மறைத்துப் பெண்ணைச் சேர்க்கச் சொல்வது பாவம். அதே மூச்சில் இன்னொன்றும் கேட்பேன்: பி.காம். படித்த எல்லோரும் கணக்கா எழுதிக்கொண்டிருக்கிறார்கள்?

நான் அந்தத் தகப்பனாருக்கு இத்தனையும் சொல்லவில்லை. “ஒருநாள் காலையில் திருவான்மியூர் போய்ப் பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள்” என்று மட்டும் சொன்னேன். ஒரு வேலைநாளில் விடுப்பெடுத்துக்கொண்டு வந்தார். கிழக்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறினோம். பெண் முன்பக்கம் உட்கார்ந்தாள், நாங்கள் பின்னால். மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் கொக்குகள் நிற்பதைப் பார்த்தபடி, தொழிற்சாலையிலே ஓய்வூதியம் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். மரநிழலில் குடில்போல அமைந்த வகுப்பறை ஒன்றின் சன்னலோரம் ஒதுங்கி நின்றோம். உள்ளே பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். ஆசிரியை ஒரே அடவைத் தட்டிக்கொண்டிருந்தார், நிறுத்தினார், ஒரு பெண்ணின் முழங்கையை விரலால் சற்றே உயர்த்தினார், மறுபடியும் முதலிலிருந்து தட்டினார். ஒரு மணி நேரம் இதுதான். பாட்டு இல்லை, கதை இல்லை, முகத்தில் பாவமும் இல்லை. எனக்கே கால் கடுத்தது. அவர் அசையாமல் நின்றார்.

திரும்பி வரும்போது ஓய்வூதியத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேளச்சேரி தாண்டியபின் என் பக்கம் திரும்பி, “அந்தப் பொண்ணுங்க அவ்ளோ நேரம் முட்டியை மடக்கியே நிக்கறாங்களே சார், வலிக்காதா?” என்றார்.

“எனக்கெப்படித் தெரியும்? முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே, அவளைக் கேளுங்கள்” என்றேன். அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கியபடி முன்னால் போனார்.